இடது கையின் இரண்டாவது தட்டு

மார்ச் 2, ஞாயிறு

நேற்று ஹோட்டலில் வாசித்து முடித்து டிரம்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கீபோர்டுக்காரன் ஃபோனை என் காதருகே நீட்டினான். எங்கள் பாட்டையெல்லாம் ரெக்கார்ட் செய்திருக்கிறான்.

"உங்க இடது கை பின்தங்குதுக்கா. கேளுங்க. வேகமா போறப்ப ரெண்டாவது அடி விழவே மாட்டேங்குது."

பதினெட்டு வருஷமாக வாசிக்கிறேன். ஒரு கையால் கீபோர்டையும் மறு கையால் பிஸ்கட்டையும் கவனித்துக்கொள்ளும் மேதை எனக்குக் கை பார்த்துச் சொல்கிறார். குழுவுக்குத் தலைவராம்.

முடிவும் எடுத்தாயிற்று. இந்த மாதம் சனிக்கிழமைகளில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ் குமாஸ்தா வாசிப்பான். நான் கூட்டமில்லாத வார நாட்களில் காலி நாற்காலிகளுக்கு வாசித்துக்கொண்டு, அடிப்படைப் பயிற்சியை முதலிலிருந்து செய்ய வேண்டும். கை சரியானால் சனிக்கிழமை எனக்கு. இல்லாவிட்டால் குமாஸ்தாவுக்கே.

சரி என்றேன். ஏன் சரி என்றேன்? ஃபோனில் கேட்டது உண்மைதானா? அந்த ஸ்பீக்கரில் யார் வாசித்தாலும் தகர டப்பாதான்.

மார்ச் 3

ஸ்டிக்கால் தட்டிப் பழக ஒரு ரப்பர் பேட் வாங்கினேன். கடைக்காரர், "உங்க பொண்ணு இப்பத்தான் கத்துக்க ஆரம்பிக்குதா?" என்றார். ஆமாம் என்றேன். "பொறுமையா இருக்கச் சொல்லுங்க." சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 7

வலது, இடது, வலது, இடது. அப்புறம் வலது வலது, இடது இடது. இவ்வளவுதான் பாடம். இந்த வயதில் ஆனா ஆவன்னா.

சமையலறை மேசையில் தட்டிக்கொண்டிருந்தேன். தம்பி எட்டிப் பார்த்தான்.

"அக்கா, யாரோ கதவத் தட்டுறாங்கன்னு மூணு தடவ போய்ப் பாத்துட்டேன்."

அவன் மனைவி சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நல்ல குடும்பம்.

ஆனால் ஒன்று. வலது கையில் இரண்டு தட்டும் ஒரே சத்தம். இடது கையில் முதல் தட்டு சரி. இரண்டாவது... தும்மலை யாரோ விழுங்கின மாதிரி.

மார்ச் 9, ஞாயிறு

நேற்று ஹோட்டலுக்குப் போய்க் கடைசி மேசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். குமாஸ்தா சொதப்புவதைப் பார்க்கத்தான், வேறெதற்கு?

கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு, ரப்பர் ஸ்டாம்பு குத்துவதுபோல் வாசித்தான். ஒரு அலங்காரம் கிடையாது, ஒரு துள்ளல் கிடையாது. தப்பும் கிடையாது. எரிச்சலாக வந்தது. என்னோடு பாடும்போதெல்லாம் மூச்சு வாங்கும் பாடகி நேற்று நின்று நிதானமாகப் பாடினாள். ஜலதோஷம் சரியாகியிருக்கும்.

இடைவேளையில் என்னைக் கண்டுபிடித்துவிட்டான்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இது நான் கேட்டு வாங்கினது இல்ல."

"அதெல்லாம் இல்ல. நல்லா எண்ணி எண்ணி வாசிக்கிறீங்க. கணக்கு வேலதானே உங்களுக்கு."

முகம் சுருங்கிவிட்டது அவனுக்கு. நன்றாக வேண்டும் என்று நினைத்தபடியே பஸ் ஏறினேன். இறங்கும்போது அவ்வளவு நன்றாக இல்லை.

மார்ச் 14

இது என் கையே இல்லை. எவளுடையதையோ கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள்.

மார்ச் 19

காய்ச்சல். ஹோட்டலுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

படுத்துப் படுத்து அலுத்துப்போய், பேடை மடியில் வைத்துக்கொண்டேன். ஸ்டிக்கை இறுக்கிப் பிடிக்கத் தெம்பில்லை. சும்மா விட்டேன். ரப்பரில் விழுந்தது, தானாகவே எம்பி இன்னொரு தடவை தட்டியது. இடது கை! மறுபடி விட்டேன். மறுபடி இரண்டு. வேண்டுமென்றே இறுக்கினேன். இரண்டாவது செத்தது.

அப்படியானால் இத்தனை நாளும் அதன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது யார்?

தம்பி மனைவி மாத்திரையோடு வந்தாள். "காய்ச்சல்ல எதுக்குச் சிரிக்கிறீங்க?"

"போம்மா, உனக்குப் புரியாது."

எனக்கே இப்போதுதான்.

மார்ச் 27

கீபோர்டுக்காரனுக்கு வாசித்துக் காட்டினேன். மெதுவாக ஆரம்பித்து, வேகமாக்கி, மறுபடி மெதுவாக. பாதியில் பிஸ்கட்டைக் கீழே வைத்தான். அவன் அகராதியில் அதுதான் பாராட்டு.

"அடுத்த மாசத்துலேர்ந்து சனிக்கிழம வந்துடுங்கக்கா. அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"வேணாம். நானே சொல்றேன்."

குமாஸ்தாவுக்கு ஃபோன் செய்து, இனி சனிக்கிழமை எனக்கு என்றேன். "சனிக்கிழம நானும் இருந்தா வீட்ல சந்தோஷப்படுவாங்க மேடம்" என்றான். அவனுக்குச் சந்தோஷமில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. என் புதன்கிழமையை எடுத்துக்கொள்கிறீர்களா என்று மட்டும் கேட்டேன். அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"எத்தன மணிக்கு வரணும் மேடம்?"

மணியைச் சொன்னேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நேற்று நல்ல கூட்டம். நடுவில் ஒரு மெதுவான பாட்டு. எனக்கு அதில் பெரிய வேலை இல்லை. தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

முன் மேசையில் ஒரு கணவனும் மனைவியும் புது வீட்டுத் திரைச்சீலைக்கு நிறம் பேசிக்கொண்டிருந்தார்கள். குரலை உயர்த்தவே இல்லை. ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. இறுக்கி அடித்த நாளெல்லாம் என் சத்தம்தான் என் காதில். நான் வாசிக்கும்போது அடுத்தவர் பேச்சு என் காதில் விழுந்தது இதுதான் முதல் தடவை.

அவர் பழுப்பு என்றார். அந்தம்மா பச்சை என்றாள். இரண்டுமே கண்றாவி. பாட்டு முடியும்வரை கேட்டுக்கொண்டே வாசித்தேன்.