மடைக்கு அடியில் புளியங்கொட்டை

நவ. 3, திங்கள்
விடாத மழை. வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் எங்கள் 'தண்ணீர் முறை' கேமுக்குச் செய்த அட்டை வாய்க்கால் ஊறித் தொங்குகிறது. அடுப்புப் பக்கம் காய வைத்ததற்கு அம்மாவிடம் திட்டு.
வெள்ளி காலை பெங்களூர் கேம் கம்பெனிக்காரர்கள் வீடியோவில் பார்க்கிறார்கள். பிடிக்காவிட்டால் ஃபாத்திமா கொச்சி வேலைக்குப் போய்விடுவாள். புரோகிராம் எழுதுவது அவள். அவள் இல்லாவிட்டால் எல்லாம் வெறும் அட்டைதான்.
வாங்க: பசை, காந்தம் 4, பால்.

நவ. 4, செவ்வாய்
உத்தமபாளையத்திலிருந்து ஃபா. வந்தாள். மடைப் பலகையைத் தூக்கினால் லேப்டாப்பில் அந்த வயலுக்குத் தண்ணீர். இறக்கினால் நிற்கிறது. அப்பாடா.
நாளை விளையாட வாய்க்கால் தெரிந்த இரண்டு பேர் வேண்டும். அப்பா. சித்தப்பா. வாய்க்கால் தகராறில் இருவரும் பேசி இரண்டு வருடம். மற்றவர் வருவதை இருவரிடமும் சொல்லவில்லை.

நவ. 5, புதன்
சித்தப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "காபி ஆறிரும், உக்காருங்க மாமா" என்று ஃபா.தான் உட்கார வைத்தாள். ஸ்க்ரீனை இருவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கண் முழுக்கப் பலகை மேல்.
சித்தப்பா முறை வந்தது, தண்ணீர் முழுக்க அவர் வயலுக்குப் போக வேண்டும். அப்பா தன் பலகையை இறக்கினார், அடியில் சத்தமில்லாமல் ஒரு புளியங்கொட்டை. புள்ளி எண்ண நான் கிண்ணத்தில் வைத்திருந்தது. பலகை முழுசாய் மூடாது, அப்பா வயலுக்குக் கசியும். லேப்டாப் மூடியதாகவே காட்டியது. சித்தப்பா பார்த்துவிட்டார்.
"அன்னைக்கும் மடையில இப்படித்தேன் கல்ல வச்சாக. கேட்டா நான் பொய் சொல்றேன்னாக."
என்னிடம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அப்பா கொட்டையை எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். இத்தனை நாள் சித்தப்பாவைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கம்.

நவ. 6, வியாழன்
கசிவையும் கேம் கணக்கில் எடுக்க வேண்டும் என்றேன். "இத முந்தியே சொல்றதுக்கென்ன?" ஃபா. முறைத்தாள். சென்சாரை மாற்றினோம். சாயங்காலம் கொட்டை வைத்தால் ஸ்க்ரீனில் மெலிதாய் நீலக் கோடு. இதுதான் கேம்.
சித்தப்பா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, நாளைக்கு விளையாட வரக் கூப்பிட்டேன். "பாப்பம்" என்றார்.

நவ. 7, வெள்ளி
கரண்ட் இருந்தது. சித்தப்பா வந்தார். எதிரே அப்பா.
அப்பா பலகையை முழுசாய் இறக்கினார். அடுத்த சுற்றும் அப்படியே. கொட்டையைத் தொடவே இல்லை, நீலக் கோடும் வரவில்லை. பெங்களூரில் ஒருவர் போனை நோண்ட ஆரம்பித்தார். ஃபா. என் முழங்கையைக் கிள்ளினாள். பெற்ற அப்பாவிடம் திருடுங்கள் என்று எப்படிச் சொல்ல?
சித்தப்பா கிண்ணத்திலிருந்து ஒரு கொட்டையை எடுத்து நீட்டினார்.
"வைங்கண்ணே. பிள்ளைக கஷ்டப்பட்டிருக்குக."
அப்பா வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.
"அன்னைக்குக் கல்ல வச்சது நாந்தேன்டா."
பிறகு வைத்தார். நீலக் கோடு ஓடியது. பெங்களூரில் யாரோ என்னமோ கேட்டார்கள். எனக்குக் காதில் விழவில்லை.