பச்சை ஒட்டுப்பொட்டு

மெல்பேர்ண்,
03.03.2025

அன்புள்ள மகள் தர்சினிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று முருகனைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா, அம்மாவுக்கு விசர் பிடித்துவிட்டதா என்று நினைப்பாய். வேலை மாறுதலோடு வேறு நகரத்துக்குப் போன பிறகு, போன் எடுத்தால் மீட்டிங்கில் நிற்கிறேன் என்கிறாய். வட்ஸ்அப்பில் போட்டால் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் தமிழை ஒரு பாடமாக எடுத்துப் பாஸ் பண்ணினவள்தானே, ஆறுதலாக இருந்து வாசி.

எனக்குச் சுகம். கால் வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. அப்பாவைப் பற்றி அப்படி எழுத முடியாது, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் மரக்கறிக் கடைக்கு முன்னால் மட்டுமில்லை, சந்தையில் ஒவ்வொரு தூணிலும் கவுன்சிலின் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. ஆவணியோடு பூட்டப் போகிறார்களாம். பிறகு எல்லாவற்றையும் இடித்து, மேலே அடுக்குமாடி வீடுகள், கீழே கோப்பிக் கடையும் சாப்பாட்டுக் கடையும். நகரத்துக்குப் புத்துயிர் கொடுக்கிறார்களாம். கூரை ஒழுகுவது உண்மைதான். அந்தக் கக்கூசுக்கு நானே மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போகிறேன். திருத்தித் தாருங்கள் என்று எத்தனை வருஷம் கேட்டோம்! கோதாரி பிடித்தவர்கள், திருத்தச் சொன்னால் இடிக்க வருகிறார்கள். புதுக் கட்டடத்தில் மரக்கறிக்கும் மீனுக்கும் ஒரு மூலைதான். பழைய ஆட்களும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். குயின்ஸ்லாந்தில் இருந்து வருகிற முருங்கைக்காயையும் மரவள்ளிக்கிழங்கையும் விற்று அந்த வாடகையை யார் கட்டுவது? பொயிண்ட் குக்கில் இருந்தெல்லாம் கார் ஓடி வந்து வல்லாரை வாங்குகிற சனம் இனி எங்கே போகும்? இந்த வயதில் அப்பாவை வேறு யார் வேலைக்கு எடுப்பார்கள்?

ஆனால் அப்பாவைத் தின்பது அது இல்லை, பிள்ளை. நோட்டீஸில் ஒரு வரி இருக்கிறது. சந்தை வியாபாரிகளில் பெரும்பாலானோர் இந்தத் திட்டத்தை விரும்பி ஆதரித்தார்கள் என்று. கவுன்சிலுக்காகச் சனத்தின் கருத்தைக் கேட்டு உங்கள் கொம்பனி எழுதிக் கொடுத்த அறிக்கையில் இருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அந்த நாள் உனக்கு மறந்திருக்காது. போன வருஷம் ஆனி மாதம், நல்ல குளிரும் மழையும். கார்ப் பார்க்கில் கூடாரம் அடித்து, புதுச் சந்தையின் படங்களைப் பெரிதாக நிறுத்தி, விருப்பம் என்றால் பச்சை, விருப்பமில்லை என்றால் சிவப்பு என்று ஒட்டுப்பொட்டுத் தாளோடு உன்னை நிற்க வைத்திருந்தார்கள். ஒரு சனமும் கிட்ட வரவில்லை. கொம்பனிப் பெயர் போட்ட மெல்லிய சட்டையோடு நீ கையை உரசிக்கொண்டு நின்றாய். உன்னுடைய வேலையிடத்துப் பெரியவன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்பாவுக்கு மனம் பொறுக்கவில்லை. கடை கடையாகப் போய், எங்கட பிள்ளை தனிய நிக்குது, முதல் வேலை, ஒருக்கால் போய்ப் பச்சையை ஒட்டிப்போட்டு வாங்கோ என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வெங்காய மூட்டைக்கு மேல் குந்தியிருந்து வீட்டுப்பாடம் செய்த பிள்ளைக்கு யார் மாட்டேன் என்பார்கள்? படத்தை ஒருவரும் பார்க்கவில்லை, உன் முகத்தைத்தான் பார்த்தார்கள். மீன்கடை நித்தியானந்தன் மாமா மீன் வெட்டின கையைக் கழுவிவிட்டு வந்து இரண்டு ஒட்டினார். மிளகாய்த்தூள் கடை மீனாம்பாள் அன்ரி கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்து, நம்ம பொண்ணுக்கு நல்ல மார்க் விழணும் என்று சொல்லி ஒட்டினா. உனக்குச் சூடாக வடையும் தந்துவிட்டுப் போனா. திட்டத்துக்குச் சம்மதம் என்று அவர்கள் ஒருவரும் ஒட்டவில்லை. உன் பிறந்தநாளுக்குக் கேக் ஊட்டுகிற மாதிரி ஒட்டினார்கள்.

இப்போது எல்லாருடைய வாயிலும் அப்பாதான் கிடந்து அரைபடுகிறார். மகளின்ர வேலைக்காக எங்கட வயித்திலை அடிச்சுப்போட்டார் என்கிறார்களாம். நித்தியானந்தன் மாமா பக்கத்துக் கடைக்காரன், ஒரே பிளாஸ்க்கில் தேத்தண்ணி குடித்த ஆட்கள். இப்போது அப்பா கிட்டப் போனால் ஐஸ் அள்ளுகிற மாதிரிக் குனிந்துகொள்கிறார். கொண்டு போகிற பிளாஸ்க் பாதியோடு வீட்டுக்குத் திரும்பி வருகிறது. நான்தான் அந்தத் தேத்தண்ணியைக் குசினித் தொட்டிக்குள் ஊற்றிவிட்டு அழுகிறேன்.

இருபத்தைந்தாம் திகதி கவுன்சில் கூட்டம். அன்றைக்குத்தான் கடைசி முடிவு. நீ வந்து எழும்பி நின்று, அது எனக்காக ஒட்டின பொட்டு, திட்டத்துக்கு ஒட்டினது இல்லை என்று ஒரு வசனம் சொன்னால் போதும். சந்தை தப்புமோ தெரியாது. அப்பா தலை நிமிர்ந்து கடைக்குப் போவார். வா பிள்ளை.

அன்புடன்
அம்மா


மெல்பேர்ண்,
17.03.2025

தர்சினிக்கு,

உன் மெசேஜ் வந்தது. சுகம் விசாரிக்க ஒரு வரி இல்லை, சரி. கொன்ஃபிளிக்ட் ஒஃப் இன்ரறெஸ்ட் என்று எழுதியிருந்தாய். எனக்கு என்ன விளங்கும்? அப்பாதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்து விளங்கப்படுத்தினார். தகப்பனின் கடை அங்கே இருக்கிறது என்று முதலே சொல்லாமல் நீ அந்த வேலையில் நின்றதே பிழையாம். இப்போது சொன்னால் வேலை போய்விடுமாம், வேறு கொம்பனியும் இலேசில் எடுக்காதாம். விளங்கப்படுத்திப்போட்டு, பிள்ளை சொல்றது சரிதான், அவளை நெருக்காதை என்று ஏச்சு எனக்குத்தான் விழுந்தது.

எனக்குக் கோபம், எழுதத்தான் போகிறேன். கண்டறியாத அறிக்கை! அந்தப் பொட்டுகளை எண்ணினது நீதானே? எண்ணும்போது உனக்குத் தெரியாதா அவர்கள் எதற்காக ஒட்டினார்கள் என்று? இதை மட்டும் உன்னிடம் கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கேட்டுவிட்டேன். பதில் எழுதாதே. என்ன எழுதினாலும் என்னால் தாங்க முடியாது.

நேற்று மீனாம்பாள் அன்ரி வீட்டுக்கு வந்தா. அவவும் நித்தியானந்தன் மாமாவும் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்திருக்கிறார்களாம். படத்துக்குப் பக்கத்துல நின்னது கதிர்காமநாதன் அண்ணனோட பொண்ணுதான், அவளுக்காகத்தான் ஒட்டினோம்னு சொல்லப் போறோம், வேற வழி தெரியல யோகாக்கா, எங்க பொழப்பு போகுது என்று என்னிடம் சொல்லி அழுதா. உள்ளூர்ப் பத்திரிகைக்காரனும் வருவானாம். அவ சொல்வதில் பொய் ஒன்றும் இல்லையே. அப்பா குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

நீ வந்தாலும் வராவிட்டாலும் உன் பெயர் அங்கே வரத்தான் போகிறது. உன் வாயால் வந்தால் அதற்கு ஒரு மரியாதை இருக்கும். யோசி.

அம்மா


மெல்பேர்ண்,
31.03.2025

அன்புள்ள குஞ்சு,

கூட்டம் முடிந்தது. உன் பெயர் வரவில்லை. நீ பயந்துகொண்டு இருப்பாய் என்று அதை முதலில் எழுதுகிறேன்.

மண்டபம் நிறையச் சனம். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அப்பா ஒருக்காலும் திரும்பவில்லை. நீ வரமாட்டாய் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வராமல் இருந்தால் நல்லது என்றும் நினைத்திருப்பார், அப்படிப்பட்ட மனிசன்தானே.

மீனாம்பாள் அன்ரிக்காக ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்திருந்தார்கள். உன் வயதுப் பிள்ளை. அன்ரியின் பெயரைக் கூப்பிட முதல் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். எனக்குத் தெரியாமல் பெயர் கொடுத்திருக்கிறார் பார். தனது பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றார். நின்று, தமிழில் தொடங்கினார்.

யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருந்து, இங்கிலீஷில் கடிதம் எழுதிச் சம்பளம் வாங்கின மனிசன். உன் இங்கிலீஷ் கட்டுரைகளில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, பள்ளிக்கூட ரீச்சரே பிழை விட்டிருக்கிறா என்று சண்டைக்குப் போகப் பார்த்த மனிசன். அவர் அங்கே நின்று சொல்கிறார், எனக்குச் சந்தையிலை விலை சொல்லுற இங்கிலீஷ்தான் தெரியும், வாசிக்க வராது, படத்திலை என்ன எழுதியிருந்தது எண்டு எனக்கு விளங்கேல்லை என்று. பச்சை எண்டால் பழைய சந்தை அப்பிடியே இருக்கட்டும் எண்டுதான் நினைச்சன், மற்ற ஆக்களுக்கும் நான்தான் பிழையாச் சொல்லிக் குடுத்தனான் என்று. அங்க நிண்ட பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை, அவ எல்லாத்தையும் ஒழுங்கா விளங்கப்படுத்தினவ, பிழை முழுக்க என்ரை என்று.

உன்னை ஆரோ ஒரு பிள்ளை என்றுதான் சொன்னார், தர்சினி. மகள் என்று சொல்லவில்லை.

மொழிபெயர்த்த பிள்ளை ஒரு இடத்தில் அவர் சொன்னதை மாற்றிச் சொல்லிவிட்டாள். திருத்த அப்பா வாயைத் திறந்ததை நான் கண்டேன். பிறகு மூடிக்கொண்டார்.

அப்பா ஒவ்வொரு நாளும் கடைக்கு முன்னால் இங்கிலீஷ் பேப்பரை விரித்துப் படிக்கிறதைச் சந்தையில் காணாதவர் யார்? ஒருவரும் வாய் திறக்கவில்லை. மீனாம்பாள் அன்ரி தன்னுடைய முறை வந்தபோது, கதிர்காமநாதன் அண்ணன் சொன்னதுதான், எனக்கு வேற ஒண்ணும் இல்லீங்க என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டா. நித்தியானந்தன் மாமா எழும்பி, ஓம், எனக்கும் அவர்தான் அப்பிடிச் சொன்னவர் என்றார். சொல்லும்போது அப்பாவைப் பார்க்கவே இல்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு இருந்தார்.

ஒன்றும் நடக்கவில்லை, பிள்ளை. கைகளை உயர்த்தினார்கள், திட்டம் பாஸ். மொழிக் குறைபாட்டைக் கவனத்தில் எடுக்கிறோம், அடுத்த முறை தமிழிலும் அறிவித்தல் போடுவோம் என்று தலைவர் நல்ல மாதிரிச் சொன்னார். அடுத்த முறையாம்! இடிக்க இன்னும் எத்தனை சந்தை வைத்திருக்கிறோம்?

கூட்டத்தை வீடியோ எடுத்து இன்ரநெற்றில் போட்டிருக்கிறார்கள். இத்தனை வருஷம் இந்த நாட்டில் இருந்தும் ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாத கிழவன், வந்த இடத்துக்கே போகட்டும் என்று கீழே எழுதியிருக்கிறார்களாம். உன் சித்தியின் மகன் தனோஜன் கோபத்தில் எனக்குக் காட்டினான். அப்பாவுக்குக் காட்டாதே என்றேன். அவர் ஏற்கனவே பார்த்துவிட்டார். சனிக்கிழமை கிரெய்கிபர்னில் தனோஜனுக்குப் பெண் பார்க்கப் போனோம், அப்பா தலையிடி என்று வரவில்லை.

இனி எழுதப் போவதைக் கவனமாக வாசி. அப்பா அந்தப் பொய்யை விடுகிறார் இல்லை. கவுன்சில் ஆள் கடைக்கு வந்தால் தமிழில் பதில் சொல்லிவிட்டு என்னைப் பார்க்கிறார். என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும், கேட்கிறவன் அழுதுவிடுவான். போன புதன்கிழமை டொக்டரிடம் போன இடத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டார். வெட்கக்கேடு, ஏன் இந்த வேஷம் என்று காருக்குள் ஏசினேன். ஆரும் கண்டு சொல்லிப்போட்டால் பிள்ளைக்குத்தான் கரைச்சல் என்கிறார். பேப்பர் வாங்குவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள், சொல்லு? இங்கேயும் ரீவியில் நியூஸ் வந்தால் எழும்பிப் போய்விடுகிறார். சந்தை போனதைச் சகித்துக்கொண்டேன். இதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

உன்னை வேலையை விடச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கவும் சொல்லவில்லை, கேட்டால் எதுக்கு என்று உன்னையே திருப்பிக் கேட்பார். நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதானே அந்த மனிசன் இவ்வளவும் செய்தது. நன்றாக இரு, குஞ்சு. முருகன் உன்னைக் கைவிட மாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை பிளேன் எடுத்து வா. வந்து, கதவைச் சாத்திப்போட்டு, அப்பாவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இங்கிலீஷில் கதைத்துக்கொண்டிரு. பிழை பிழையாகக் கதை. வேண்டுமென்றே பிழை விடு. அவர் உன்னைத் திருத்துகிறாரா என்று நான் குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன்னைப் பார்த்திருக்கும்
அம்மா