வலைப்பையை மறித்த உன் வரி

என் வசந்திக் கண்ணு,

உன் அக்காதான் எழுதுகிறேன். ஏழாவதோடு நின்றவள் கடுதாசி எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பிழை இருந்தால் அங்கேயே சிரித்துக்கொள். மஞ்சக்காமாலை உன்னைக் கொண்டுபோய் நாலு மாதம் ஆகிறது. இத்தனை நாள் உன்னிடம் சொல்ல அழுகையைத் தவிர ஒன்றும் இல்லை. இன்றைக்கு ஒரு சேதி இருக்கிறது.

நம்ம எஸ்டேட்டில் இப்போது மெஷின் வைத்துக் கொழுந்து வெட்டுகிறோம். இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி பிடிக்கிற மெஷின். வெட்டின கொழுந்து பின்னாலிருக்கிற வலைப்பையில் விழும். கைக்கொழுந்து கட்டுகிற சணல் சாக்கு மழையில் எவ்வளவு தண்ணீர் குடிக்கும்! வலை அப்படி இல்லை, லேசு. நிறுக்கும்போது சாக்குக்குக் கழிக்கிற எடையை வலைக்கும் கழித்தால் போவது எங்கள் கொழுந்துதான்.

இன்று கொழுந்து நிறுக்கிற மடுவத்து வாசலில் நனைந்துகொண்டு நிற்கிறோம். கோயம்புத்தூரில் உன்னோடு வேலை பார்த்த நிஷா, நீ வேலை செய்த எடைபோடும் புரோகிராமில் வலைப்பையையும் சேர்த்துக் காலையில்தான் அனுப்பியிருந்தாள். கணக்கப்பிள்ளை கம்ப்யூட்டரைப் போட்டார். ஓட மாட்டேன் என்று நின்றுவிட்டது. திரும்பப் போட்டார். திரும்பவும் அதே.

எனக்குப் பின்னால் நின்ற ராசாத்திக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டி பாக்கியம், உன் தங்கச்சி செத்தும் நம்மள மழையில நிக்க வைக்கிறாளே!" என்றாள்.

சுருக்கென்றது.

கணக்கப்பிள்ளை நிஷாவுக்கு போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தார். "வசந்தி புரோகிராம்ல செஞ்சு வெச்ச துண்டுதாம்மா தடுக்குது போல. அதை எடுத்துவிட்டா ஓடுமில்ல? எடுத்துரு" என்றார். "எடுத்தா ஓடும் சார்" என்றாள் அவளும்.

எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் கண்ணு? ஊருக்கு வந்து நம்ம லயத்து வீட்டுக் கட்டிலில் மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு மூன்று மாதம் நீ செய்த வேலை அது. அப்போது நானே உன்னைத் திட்டியிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா?

"நீ எழுதுற அந்தப் பைத்தான் பாஷையில புதுசு வந்திருச்சுன்னு நீதானே சொன்னே. அதையே போடாம பழசுக்கு எதுக்குடி ஒட்டுப் போடுறே?"

"புதுசைப் போட்டா நம்ம தராசு கம்ப்யூட்டரோட பேசாதுக்கா. தராசு வித்தவன் பழசுக்குத்தான் எழுதிக் கொடுத்தான். அவன் கடையே இப்ப இல்ல. அதனால புதுசுல இருக்கறதை நான் பழசுக்குக் கொண்டு வர்றேன்."

"அப்படி என்னத்தைக் கொண்டு வர்றே?"

நீ கம்ப்யூட்டரை ஓரமாக வைத்துவிட்டு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். "பைன்னு ஒரு தாய். அதுலேருந்து சாக்கு, கூடைன்னு பிள்ளைங்க பிறக்கும். தாய்க்கு இருக்கிறதெல்லாம், கழிக்கிற எடை உட்பட, பிள்ளைக்கும் தானா வந்திரும். புதுசுல, ஒரு பிள்ளை பிறந்ததுமே தாய்க்குச் சேதி போயிரும். தாய் அதை நிறுத்தி, உன் எடை என்னன்னு கேக்கலாம். பழசுல கேக்க ஆளில்ல. காலையில ஆள் எண்ணுற பெரட்டுல பேர் கொடுக்காம நேரா மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்கிற மாதிரி. நான் அதுக்கும் ஒரு பெரட்டு வைக்கிறேன்."

அது மனசில் வந்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது. "ஐயா, எடுக்காதீங்க. திரையில என்ன எழுதியிருக்குன்னு மொதல்ல படிங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கொழுந்து பறிக்கிறவள் கம்ப்யூட்டருக்கு வழி சொல்கிறாளே என்று நினைத்திருப்பார். ஆனாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"வலைப்பை தன் எடையைச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வரட்டும்."

தமிழில்! எஸ்டேட் முழுக்க எதைத் தொட்டாலும் இங்கிலீஷில் வைகிற கம்ப்யூட்டர் எங்களோடு தமிழில் பேசுகிறது. உன் குரல் மாதிரியே இருந்தது. அந்த வரியை எழுதும்போது யாரை நினைத்துக்கொண்டாய்?

நான் போன் பக்கம் குனிந்தேன். "நிஷாம்மா, வலைக்கு எவ்வளவு கழிக்கணும்னு எழுதினீங்களா?"

அந்தப் பக்கம் கம்ப்யூட்டரைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஐயோ அக்கா, மறந்துட்டேன்" என்றாள். "இது மறிக்கலேன்னா தாய்கிட்ட போட்டு வெச்ச சாக்கு எடையையே கழிச்சுட்டுப் போயிருக்கும். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நானே அதை எடுக்கப் பார்த்தேனே!"

கணக்கப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றினார். வலைக்கொழுந்தை இன்றைக்கு நோட்டில் எழுதுவோம், அந்தத் துண்டில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொன்னார். ராசாத்தி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "உங்க ஊட்டுல எல்லாருமே வாய்க்காரிங்கதான்டி. போனவளும் வாயை இங்க விட்டுட்டுத்தான் போயிருக்கா" என்றாள். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன் வசந்தி. நீ போன பிறகு முதல் தடவையாக.

சாயந்திரம் நிஷா எனக்கே போன் போட்டாள். பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கிற மற்ற பாக்டரிகளுக்கும் உன் வேலையைக் கொடுக்கப் போகிறார்களாம். அதில் எங்கேயும் நீ உன் பேரைப் போடவில்லையாமே, ஏன்டி? போடலாமா என்று என்னிடம் கேட்டாள். என்னிடம் கேட்கிறாள் பார்! பெரிய எழுத்தில் போடச் சொன்னேன்.

வலையின் எடை மட்டும் இன்னும் யாருக்கும் தெரியாது. காய்ந்த வலையை நிறுத்துச் சொன்னால் போதும் என்கிறார் கணக்கப்பிள்ளை. கொஞ்சமாகக் கழித்தால் எங்களுக்கு லாபம்தான், ஆனாலும் மழையில் நிறுக்கிற கொழுந்துக்கு அது பொய்க்கணக்கு; அதற்கு நான் விட மாட்டேன். நாளைக்குக் காலையில் மழையில் நன்றாக நனைந்த வலையாகப் பார்த்து எடுத்து, நானே தராசில் வைப்பேன். நம்பர் ஆடி நிற்கிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்பேன். எடையை நிஷாவிடம் என் வாயால் சொல்வேன், அவள் எழுதினதைத் திரும்பப் படிக்கச் சொல்லியும் கேட்பேன். நீ கேட்ட கேள்விக்குச் சரியான பதில் போகும் கண்ணு. இது சத்தியம்.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த,
உன் அக்கா பாக்கியம்