உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி

பாசமும் கோபமுமாக, என் முரளி அண்ணாவுக்கு,

நேற்று உன் பிறந்தநாள். காலையிலிருந்தே உன் இணையப் பக்கத்தில் வாழ்த்து மழை. “ஷுபோ ஜன்மதின், பாஸ்! பார்ட்டி எப்போ?” என்று உன் பழைய ஆபீஸ்காரர் ஒருவர் கேட்டிருந்தார். நீ டாலிகஞ்ச் மெட்ரோ படியில் சரிந்து உயிரை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இதற்கு முன் நாம் இருந்த பழைய இணையதளம் ஞாபகமிருக்கிறதா? லேக் கார்டன்ஸ் சைபர் கஃபேயில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, வாயால் சொல்ல வேண்டியதை அதன் ஸ்கிராப் பலகையில் ஒருவருக்கொருவர் எழுதுவோம். நமக்குச் சரளமாக வருவது வங்காளம்தான். ஆனாலும் திட்டுவதற்கு மட்டும் தமிழ், அதுவும் ஆங்கில எழுத்தில். யார் யார் நம் பக்கத்தை எட்டிப் பார்த்தார்கள் என்று அந்தத் தளம் காட்டிக்கொடுத்துவிடும். என் பக்கத்தில் தினமும் உன் பெயர் இருக்கும். “எந்தப் பையன் வரான்னு பாக்க வந்தேன்டி” என்பாய், வெட்கமே இல்லாமல்.

அதை மூடும்போது, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் மூடினார்கள். “அந்தக் குப்பை யாருக்கு வேணும்? புதுசுக்கு வா” என்றாய். வந்தேன். நீதான் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாய். ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு இருந்த மரியாதைகூட உனக்கு இல்லையே அண்ணா?

உன் காரியமெல்லாம் முடிந்த அடுத்த வாரம், ஒரு மதியம், நீ ஆன்லைனில் இருப்பதாக உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. ஆபீஸில் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். அம்மாதான். உன் போன் இப்போது அம்மாவிடம். சாப்பாடானதும் உன் பக்கத்தைத் திறந்து, நீ போட்ட படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறாள்.

நேற்று இன்னொன்றும் செய்திருக்கிறாள். வாழ்த்தியவர்களுக்கு ஒன்றும் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்று, ஒவ்வொரு வாழ்த்துக்கும் ஒரு இதயத்தை அழுத்திவிட்டாள். எல்லாம் உன் பெயரில். “நீ இல்லாம முடியலடா” என்று எழுதியிருந்த உன் சிநேகிதன் சௌமிக்குக்கும் ஒன்று போயிருக்கிறது. அவன் எனக்குப் போன் செய்து வங்காளத்தில் கதறினான். தன்னால் தாங்க முடியவில்லை, அந்தக் கணக்கை மூடிவிடு என்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியுமா?

சாயங்காலம் அம்மாவிடம் போய், கணக்கை மூடிவிடலாமா என்று மெதுவாகக் கேட்டேன். போனை மடியில் கவிழ்த்துக்கொண்டாள்.

“அவனை எரிச்சாச்சு. இதையும் எரிக்கணுமாடி?”

ராத்திரி சௌமிக்கிடம், இதயம் போட்டது அம்மாதான் என்று சொன்னேன். அம்மாவை அவன் மாஷிமா என்றுதானே கூப்பிடுவான். “மாஷிமாவா? அப்படின்னா இருக்கட்டும்” என்றான்.

இன்று மதியமும் பச்சை எரிந்தது. என்ன தோன்றியதோ, உன் செய்திப் பெட்டிக்குள் போய் “சாப்பிட்டியா?” என்று எழுதினேன். அந்தப் பக்கம் யாரோ எழுதுவதாக வெகுநேரம் காட்டிக்கொண்டே இருந்தது. அம்மாவுக்கு அந்தச் சின்ன எழுத்துகளில் விரல் படியாது. பிறகு உன் சிரித்த முகப் படத்தோடு பதில் வந்தது.

“சாப்பிட்டேன். நீ அழாதே.”

அம்மா என்று தெரியும். தெரிந்தும் ஒரு நிமிஷம் நீயாக இருந்தாய் அண்ணா.

உன் பக்கத்தை மூட மாட்டேன். யாரையும் மூட விடவும் மாட்டேன். இனி தினமும் மதியம் அங்கே வந்து, சாப்பிட்டியா என்று கேட்பேன். பதில் எழுத அம்மாவும் இல்லாத ஒரு நாள் வரும். அன்றைக்கும் கேட்பேன்.

உன் ஒரே தங்கை,
வித்யா