வெள்ளிக்கு ஒதுக்கிய பத்தி

அக்கா,

அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேனா என்று கேட்டிருந்தாய்.

இருந்தேன். விண்வெளி மசோதாவில், வெள்ளிக் கிரகத்துக்கு நீயும் உன் சகாக்களும் கட்டும் விண்கலத்துக்கு நிதி ஒதுக்கிய பத்தியை அடித்து நீக்கியபோது, நாடாளுமன்றக் குழுத் தலைவருக்குப் பின்னால் குறிப்பெடுத்துக்கொண்டு நான் இருந்தேன்.

“அங்க போய் யாரு குடித்தனம் பண்ணப் போறா?” என்றார் ஓர் உறுப்பினர். எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் என் பக்கம் திரும்பினார். “இதப் பத்தி உனக்கு ஏதாவது தெரியுமாம்மா?”

எனக்கா தெரியாது? வெள்ளி பூமிக்கு எதிர்ப்பக்கமாகச் சுழலும் என்று சாப்பாட்டு மேசையில் ஆரஞ்சுப் பழத்தைச் சுழற்றிக் காட்டியவள் நீ. ஆனால் அக்காவுக்காகப் பேசுகிறாள் என்பார்களே.

“தெரியாது சார்.”

அதற்கு நேர்மை என்று பெயர் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.

மசோதா மீது இறுதி வாக்கெடுப்பு நாளைதான்; அதுவரை அந்தப் பத்தியைத் திரும்பச் சேர்க்கலாம். இன்று காலை தலைவரின் அறைக்குப் போனேன். நீ என் அக்கா என்று சொல்லிவிட்டு, மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து, வெள்ளியைப் போல எதிர்ப்பக்கமாகச் சுழற்றிக் காட்டினேன்.

உன் தங்கை