உப்புத் தண்ணீரில் நின்ற கான்டெசா

தூத்துக்குடி,
10 மார்ச் 2024

அன்புள்ள ஜெபிஷா,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது. அதனால் எழுதுகிறேன். மஸ்கட்டில் வெயில் ஆரம்பித்திருக்கும். டியூட்டி, டியூட்டி என்று பட்டினி கிடக்காதே.

மதுரையில் நடந்த ஏலத்தில் பழைய கான்டெசா கார் ஒன்றை எடுத்துவிட்டேன். நம் ஊர் வண்டிதான். டிசம்பர் வெள்ளத்தில் உப்பளத்துப் பக்கம் ஸ்டியரிங் வரை மூழ்கிக் கிடந்தது. ஏலத்தில் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க விடவில்லை. இருக்கிற நிலையில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சீட்டுக்கு அடியில் சேறு வாரி மாளவில்லை. மெக்கானிக் லிங்கராஜ் எப்படியோ இன்ஜினை ஓட வைத்துவிட்டான். வயர் முழுக்க மாற்றணும் என்கிறான். பிறகு பார்க்கலாம்.

வெள்ளத்தில் கடை போன பிறகு சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, ஜெபி. கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று நினைக்கிறேன்.

உன்
எபனேசர்

மஸ்கட்,
24 மார்ச் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

கடை போனதற்கு நான் ஒரு வார்த்தை சொன்னேனா? இதை மட்டும் கேளுங்கள். உப்புத் தண்ணீர் குடித்த வண்டி. லிங்கராஜே சொல்லும்போது எதற்குப் பிறகு? வயரை மாற்றும் வரை யாரையும் ஏற்றாதீர்கள். முக்கியமாக அப்பாவை. நீங்கள் கூப்பிட்டால் அவர் மறுக்கமாட்டார்.

எனக்கு இங்கே நைட் டியூட்டியாகவே வருகிறது. நின்று நின்று கால் வீங்குகிறது. வேறொன்றுமில்லை.

ஜெபிஷா

தூத்துக்குடி,
6 மே 2024

அன்புள்ள ஜெபி,

உன் தம்பி சொல்லியிருப்பான். நானும் சொல்ல வேண்டும்.

நாசரேத் கோயில் அசன விருந்துக்கு மாமா பஸ்ஸில்தான் கிளம்பினார். நான்தான் பிடிவாதமாகக் காரில் ஏற்றினேன். சாயர்புரம் தாண்டியதும் டாஷ்போர்டிலிருந்து புகை வந்தது. நான் குதித்து இறங்குவதற்குள் என் பக்கம் தீ பிடித்துக்கொண்டது. அவர் பக்கத்துக் கதவு துருவேறி இறுகியிருந்தது. "மாப்ள, தொறக்க மாட்டேங்கு" என்றார். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. கல்லால் கண்ணாடியை உடைத்து அவரை வெளியே இழுத்தேன். என் கையில் சுட்டுவிட்டது. மாமாவை மூச்சுத் திணறலுக்கு ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இப்போது வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என்னைப் பார்த்தால் சிரிக்கிறார். பேசுவதில்லை.

இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ஏலத்தில் இன்னொரு கான்டெசா வருகிறதாம், வெள்ளம் பார்க்காத வண்டி என்கிறார்கள். இந்த இன்ஜினை அதில் வைத்துவிடலாம். ஜூனில் நீ லீவில் வரும்போது பேசிக்கொள்வோம்.

எபனேசர்

மஸ்கட்,
19 மே 2024

அத்தானுக்கு,

கைக்கு மருந்து போடுகிறீர்களா? கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

அப்பா உங்களைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. "மாப்ள கல்லு தேடி ஓடுனாரும்மா. ஓடியே போயிட்டாரோன்னு நெனச்சேன்" என்று மட்டும் சொன்னார்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அசதிதான் வருகிறது.

அப்பாவைத் தம்பி பெங்களூருக்குக் கூட்டிப்போகிறான். ஜூனில் நானும் நேரே அங்கேதான் போகிறேன். ஏர்போர்ட்டுக்கு வர வேண்டாம். இன்ஜினை என்ன செய்வதென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெபிஷா