பன்னிரண்டாம் சானலில் யாரெல்லாம்

அக்டோபர் 10, செவ்வாய்

காலை ஆறரைக்கு வழக்கம்போல், வண்டிக்கு வண்டி பேசும் ரேடியோவில் கூப்பிட்டேன். "வாரூக், பன்னிரண்டாம் சானல், யாரெல்லாம் இருக்கீங்க?"

பதில் சொன்னது இரண்டே பேர். ஒருத்தி இல்சா. ஊர்த் தீயணைப்புக் குழுவின் தலைவி, அவளுக்கு அது கடமை. இன்னொருவன் கேரவனை இழுத்துக்கொண்டு மேற்கே போகிற யாரோ. பக்கத்தில் நல்ல காபி எங்கே கிடைக்கும் என்று கேட்டான். முப்பத்தேழு பண்ணைகள் இருக்கிற ஊர் இந்த வாரூக்!

டீன் டோஸ்ட்டைக் கடித்தபடி, "கோரலி, செத்துப்போனதை தினமும் எழுப்பிப் பாக்கறியே, உனக்கு அலுக்கலையா?" என்றான். கட்டிக்கொண்ட புருஷனே இப்படி என்றால் ஊரை என்ன சொல்ல?

அக்டோபர் 15, ஞாயிறு

போன டிசம்பரை எழுதிவைக்க வேண்டும் என்று பல நாளாக நினைக்கிறேன். இன்று எழுதிவிடுகிறேன்.

இங்கே டிசம்பர்தான் கோடை, அறுவடைக் காலம். அன்று காற்றில் மின்கம்பி அறுந்து காய்ந்த பயிரில் தீப் பிடித்தது. மின்சாரம் போனதும் கொஞ்ச நேரத்தில் செல்போன் கோபுரமும் ஊமையாகிவிட்டது. டீன் தெற்குப் பள்ளத்தில் அறுவடை இயந்திரத்தில் இருந்தான். புகை அந்தப் பக்கம் போவது எனக்குத் தெரிந்தது. அவனுக்குத் தெரியாது. நாற்பது நிமிடம் ஒரு வார்த்தை அனுப்ப வழியில்லை. காற்று திரும்பியதால் பிழைத்தான். அவ்வளவுதான். யாருடைய சாமர்த்தியமும் இல்லை.

ரேடியோ அவனிடமும் இருந்தது. லாரிக்காரர்கள் கெட்ட வார்த்தை பேசுகிறார்கள் என்று அணைத்து வைத்திருந்தான். அப்போது சண்டை போட்டேன். இப்போதும் போடுகிறேன்.

அக்டோபர் 21, சனி

ஊர்க்கூடத்தில் கூட்டம். தீ எச்சரிக்கைக்குப் பழையபடி இந்த சி.பி. ரேடியோவை வைத்துக்கொள்வதா, போனில் குழு ஆரம்பிப்பதா?

ரீஸ் எழுந்தான். ஆடு முடி வெட்டுகிறவன், வாயும் கத்தரி மாதிரிதான். "இந்தக் காலத்துல யாருய்யா ரேடியோ வைப்பான்? எங்கப்பா பொட்டி கோழிக் கூண்டுல கெடக்கு. கோழிகூட அதைச் சீண்டறதில்ல." கூடமே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன், வயிறு எரியாமல் இருந்திருந்தால்.

"கோபுரம் செத்தா உன் போன் எதுக்கு ஆகும் ரீஸ்? முகம் பாக்கவா?" என்று கேட்டேன். இல்சா இடையில் வந்து சமாதானம் செய்தாள். இந்த அறுவடை முடியும்வரை ரேடியோவே இருக்கட்டும். பிப்ரவரிக்குள் முப்பது பேராவது காலையில் பதில் சொன்னால் தொடரலாம், இல்லாவிட்டால் போன்.

முப்பது! நான் எங்கே போவேன் முப்பதுக்கு?

நவம்பர் 2, வியாழன்

வீடு வீடாக ஏறி இறங்கியாயிற்று. டீ கிடைத்தது, ஸ்கோன் ரொட்டி கிடைத்தது, "பாக்கலாம்" கிடைத்தது. இதுவரை ஒன்பது பேர். ரீஸின் அப்பா பெட்டியை நானே துடைத்து அவன் வண்டியில் மாட்டிவிட்டு வந்தேன். "நீ போற வரைக்கும்தான் இருக்கும்," என்றான்.

நவம்பர் 9, வியாழன்

இன்றைக்குச் சிரித்த சிரிப்பில் விலா வலிக்கிறது!

ரீஸ் தன் மைக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். பொத்தான் அமுங்கி, இருபது நிமிடம் அவன் வண்டிக்குள் பேசியதெல்லாம் ஊர் முழுக்க. நாயிடம் பேசினான். அண்ணி செய்யும் கேக்கைப் பற்றி — "அதைக் கொண்டுபோய் டிராக்டர் சக்கரத்துக்கு முட்டுக் குடுக்கலாம்டி, உனக்கு வேணுமா? வேணாமா? புத்திசாலி." பிறகு பாட்டு. ஐயோ, அந்தப் பாட்டு.

நடுவில் யாரும் அவனை நிறுத்த முடியாது. ஒருவன் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால் மற்றவர்கள் பேச்சு எடுபடாது. அழுத்துகிறவனுக்கோ எதுவுமே கேட்காது.

நவம்பர் 13, திங்கள்

காலையில் பத்தொன்பது பேர்! அடுத்து யார் மாட்டுவார்கள் என்று கேட்கத்தான் பெட்டியைத் துடைத்து மாட்டுகிறார்கள். உயிர் பிழைக்க வாங்காதவர்கள் வம்பு கேட்க வாங்குகிறார்கள். வாங்கினால் சரி.

நவம்பர் 27, திங்கள்

முப்பத்தி நாலு. எண்ணி முடித்ததும் சமையலறையில் நின்று கொஞ்சம் அழுதேன். டீனும் தன் இயந்திரத்தில் அணைக்காமல் வைத்திருக்கிறான். கிரிக்கெட் ஸ்கோரை யாரோ சொல்கிறார்களாம்!

இல்சாவுக்குத்தான் திருப்தி இல்லை. "எல்லாரும் வந்துட்டாங்க, சரி. எல்லாரும் பேசறாங்களே. தீப் புடிச்ச அன்னிக்கு நான் எந்த இடுக்குல வாயைத் தொறக்கறது?" என்றாள். நல்ல நாளில் மேகத்தைத் தேடுகிறவள்.

டிசம்பர் 4, திங்கள்

ரீஸ் புதுப் பெட்டி வாங்கிவிட்டான். மூன்று நிமிடத்துக்கு மேல் அழுத்தினால் தானே அணைந்துவிடுமாம். என் வண்டியை எட்டிப் பார்த்தான்.

"உன்னோடதும் ஆதிகாலத்துப் பொட்டிதானே? மாத்திடு கோரலி."

"இது உன் வயசு. உன்னைவிட ஒழுங்கா வேலை செய்யுது. நான் ஒண்ணும் மைக் மேல உக்காரமாட்டேன்."

"சொன்னேன், அவ்ளோதான்," என்று போய்விட்டான். நன்றாகக் கொடுத்தேன் என்று வீடு வரும்வரை சந்தோஷமாக இருந்தது.

டிசம்பர் 12, செவ்வாய்

வடக்கிலிருந்து காற்று. நாற்பத்து மூன்று டிகிரி. இயந்திரத்தின் ஒரு பொறி போதும் தீப் பிடிக்க என்று, பதினோரு மணிக்கு இல்சா சானலில் அறுவடையை நிறுத்தச் சொன்னாள். எல்லா இயந்திரமும் நின்றது. சொன்னபடி கேட்டார்கள்! நாளை இன்னும் மோசமாம்.

டிசம்பர் 13

டீன் இருக்கிறான். ரீஸை ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள்.

டிசம்பர் 15, வெள்ளி

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். இங்கேயாவது.

புதன் மதியம் மின்சாரம் போனது, போனும் போனது. ஷிர்மர் சாலைப் பக்கம் புகை. டீன் தெற்குப் பள்ளத்தில், நிறுத்திய இயந்திரத்துக்கு கிரீஸ் போடப் போயிருந்தான். என் யூட் வண்டியில், அந்தச் சின்ன சரக்கு வண்டியில் ஏறி, மூன்று முறை கூப்பிட்டேன். பதில் இல்லை, கீழே இறங்கி வேலை செய்துகொண்டிருந்தான் போல. மைக்கைப் பக்கத்து இருக்கையில் எறிந்தேன். தண்ணீர் பாட்டில் அடைத்த ஐஸ் பெட்டியைத் தூக்கி அதே இருக்கையில் வைத்தேன். கிளம்பிவிட்டேன்.

தனியாக வண்டி ஓட்டினால் நான் சத்தமாகப் பேசுவேன். அன்றும் பேசினேன். "எருமை, அங்கயே இருக்காத, தீ ஷிர்மர் சாலையைத் தாண்டிருச்சு, மிஷின் போனா போகட்டும், வடக்கு கேட் வழியா வந்துடு, தெற்கே போகாத, கடவுளே தெற்கே போகாத..." இப்படியே இருபத்தைந்து நிமிடம்.

ரேடியோ அமைதியாக இருந்தது. ஒரு குரல் இல்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பரவாயில்லையே, ஊர் கற்றுக்கொண்டுவிட்டது, அவசரத்தில் வெட்டிப் பேச்சு இல்லை என்று. பெருமைப்பட்டேன். புகைக்குள் வண்டி ஓட்டிக்கொண்டு பெருமைப்பட்டேன்!

வடக்கு கேட்டில் டீன் எதிரே வந்தான். கட்டிப் பிடித்து, "மிஷின்ல ஏறினதுலேர்ந்து நீ பேசினது பூரா கேட்டுது. அதான் இந்தப் பக்கம் வந்தேன்," என்றான். எனக்குப் புரியவில்லை. தண்ணீர் எடுக்க ஐஸ் பெட்டியைத் தூக்கினேன். அடியில் மைக். பேச்சு வெளியே போகும்போது எரியும் சிவப்பு விளக்கு அதுவரை எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. தூக்கியதுமே அணைந்தது. ரேடியோவில் ஒன்று மாற்றி ஒன்றாகப் பத்துக் குரல் கத்தின. எல்லோரும் ரீஸின் பெயரைத்தான் கத்தினார்கள்.

டிசம்பர் 16, சனி

அவனுக்கு என்ன ஆயிற்று என்று இல்சா சொன்னாள். ஆடுகளை ஓட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஷிர்மர் சாலைக்குப் போனவன் வண்டி மணலில் புதைந்திருக்கிறது. இரண்டு கிலோமீட்டரில் இல்சாவின் தீயணைப்பு லாரி. அவன் கூப்பிட்டது கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் போய் இழுத்திருப்பாள். கேட்கவில்லை. தீ வந்ததும் குட்டைக்கு ஓடியிருக்கிறான். வழியில் இரும்பு கேட். சங்கிலி பழுக்கக் காய்ந்திருக்கிறது. வெறும் கையால் கழற்றியிருக்கிறான். இரண்டு கையும்.

முடி வெட்டுகிறவனின் இரண்டு கையும்.

டிசம்பர் 19, செவ்வாய்

இல்சா என் கையைப் பிடித்து, "நீ மைக்கை அழுத்திப் புடிச்சுக்கிட்டு வழி சொல்லிக்கிட்டே போனதாலதான் டீன் தப்பிச்சான். கஷ்டமான முடிவுதான். உன் எடத்துல நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்," என்றாள்.

முடிவா? நான் எந்த முடிவும் எடுக்கவில்லையே. சொல்ல வாயைத் திறந்தேன். டீன் பக்கத்தில் நின்று என் முதுகைத் தட்டிக்கொடுத்தான். அவனும் அப்படியேதான் நம்புகிறான், ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று.

மூடிக்கொண்டேன்.

டிசம்பர் 23, சனி

கடையில் ரேடியோப் பெட்டிகள் தீர்ந்துபோய்க் கடைக்காரர் இன்னும் வரவழைக்கிறார். பக்கத்து ஊரிலும் கேட்கிறார்கள். பத்திரிகையிலிருந்து ஒரு பெண் பேச வேண்டும் என்கிறாள், ரேடியோவை மறுபடி கொண்டுவந்தவள் என்று. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அவளிடம் அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

உண்மையைச் சொன்னால்? ஒரு ஐஸ் பெட்டி போதும் இந்த ரேடியோவைக் கொல்ல என்று ஆகிவிடும். கூட்டத்தில் போன்தான் ஜெயிக்கும். அடுத்த டிசம்பரில் யாராவது பள்ளத்தில் மாட்டுவார்கள். ஆகையால் சொல்லாமல் இருப்பதே நல்லது.

எவ்வளவு அழகாக யோசிக்கிறேன், பார்.

டிசம்பர் 29, வெள்ளி

அடிலெய்ட் ஆஸ்பத்திரி. ரீஸின் கை இரண்டும் தலையணை மேல், வெள்ளைத் துணிக்குள். தொடைத் தோலை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். வலது கட்டைவிரல் மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினான். "விட்டு விட்டு அழுத்தினேன் கோரலி. ஒவ்வொரு தடவை விடும்போதும் உன் குரல். வடக்கு கேட், வடக்கு கேட். புருஷனைக் காப்பாத்த சானலையே புடிச்சு வச்சுக்கிட்ட. பத்து செகண்ட் விட்டிருக்கலாம். பத்தே செகண்ட்."

நான் திராட்சைப் பழத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். ஆமாம். உண்மையைச் சொல்லாமல் அதைத்தான் செய்தேன். சீ!

ஜனவரி 20, சனி

காலையில் கூப்பிடுவதை இல்சாவிடம் விட்டுவிட்டேன். தொண்டை சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன். டீன் இரண்டு முறை என்னவென்று கேட்டான். மூன்றாம் முறை சொல்லிவிட்டேன், பாத்திரம் துலக்கிக்கொண்டே.

அவன் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தான். அப்புறம், "நான் உயிரோட இருக்கறது ஒரு ஐஸ் பெட்டியாலயா?" என்றான். சிரிக்கிறானா என்று திரும்பிப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

"ரீஸ்கிட்ட சொல்லு," என்றான். "ஊருக்கும் சொல்லு."

"ரேடியோ போயிடும் டீன்."

"போகட்டுமே."

பிப்ரவரி 17, சனி

கூட்டம். ரீஸ் வந்திருந்தான், இரண்டு கையிலும் தீப்புண்ணுக்குப் போடும் இறுக்கமான உறையோடு. முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். பின்வரிசைக்குப் போனான்.

வாக்கெடுப்புக்கு முன் எழுந்தேன். எழுதி வைத்திருந்த தாள் பிரயோஜனப்படவில்லை. "நான் அழுத்திப் பிடிக்கலை. மைக் மேல ஐஸ் பெட்டியை வச்சுட்டேன். எனக்குத் தெரியவே தெரியாது. ரேடியோப் பெட்டியை மாத்துன்னு ரீஸ் சொன்னான். நான் கேலி பண்ணினேன். மாத்தியிருந்தா மூணு நிமிஷத்துல அணைஞ்சிருக்கும், அவன் கை நல்லா இருந்திருக்கும். டீன் தப்பிச்சது என் புத்தியால இல்ல. ரீஸ் வெந்தது என் திமிராலதான்." அவ்வளவுதான் வந்தது. உட்காராமல் நின்றுகொண்டே இருந்தேன்.

பின்வரிசையிலிருந்து ரீஸ்தான் பேசினான்.

"இதுக்கு நீ வேணும்னே செஞ்சிருந்தா தேவலாம் கோரலி. ரெண்டு மாசமா உன்னைத் திட்டியே வலியைத் தாங்கினேன். இப்ப நான் யாரைத் திட்டறது? ஐஸ் பெட்டியையா?"

எழுந்து வெளியே போய்விட்டான். கதவை முழங்கையால் தள்ளித் திறந்தான். உதவப் போனவனை வேண்டாம் என்றான்.

வாக்கெடுப்பு நடந்தது. பழைய பெட்டி ஒன்றுகூட இருக்கக் கூடாது, காற்று நாளில் வெட்டிப் பேச்சு கூடாது, போன் குழுவும் கூடவே இருக்கட்டும். அந்த நிபந்தனைகளோடு ரேடியோ ஜெயித்தது. இல்சா என்னைப் பார்க்காமலே முடிவை வாசித்தாள்.

பிப்ரவரி 19, திங்கள்

பழைய பெட்டியைக் கழற்றினேன். புதியது மாட்டியாயிற்று.

மார்ச் 4, திங்கள்

ஆறரைக்கு வண்டியில் உட்கார்ந்து கேட்டேன். இப்போது இல்சா ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். பக்கத்து ஊரையும் சேர்த்து ஐம்பத்தெட்டு பேர். என் பெயர் வந்தது. "இருக்கேன்" என்றேன். அவள், "சரி கோரலி" என்றாள். கூட்டத்துக்குப் பிறகு பட்டியலைத் தாண்டி அவள் எனக்கென்று ஒரு வார்த்தை சொன்னது இன்றுதான்.

கடைசியில் ரீஸின் பெயர். தினமும் கூப்பிடுகிறாள், தினமும் பதில் இல்லாமல் அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். இன்று ஏனோ காத்திருந்தாள். ஏதோ உரசும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி உரசியது. மைக் கையிலிருந்து நழுவியிருக்க வேண்டும். எடுத்துக் கொடுக்க அந்த வண்டியில் ஆள் கிடையாது.

"ரீஸ். இருக்கேன்." மூச்சு வாங்கினான். "கோரலி, மைக்கை விடு."

யாரும் சிரிக்கவில்லை. நான் எப்போதோ விட்டுவிட்டேன். ஆனாலும் கையை விரித்துப் பார்த்துக்கொண்டேன்.